மேற்பார்வை, பங்குக் கோயில்

ஜூன் 20, வியாழன்

இன்று கம்பெனியில் இறால் வரத்து அதிகம். உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது. ஸ்டெபி கடிதம் போட்டிருக்கிறாள்! புருஷன் ரோச்சின் அடி பொறுக்காமல் கீழவைப்பாரை விட்டுத் தூத்துக்குடி வந்து மூன்று மாதம்; இதுதான் என் மகளின் முதல் கடிதம். "அம்மா நீ சாப்பிட்டியா" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். மூன்றுக்கும் "சாப்பிட்டேன் மக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். அறையில் கூட இருக்கும் இசக்கிசெல்வி சிரிக்கிறாள்.

ஜூன் 22, சனி

ஸ்டெபி இருக்கும் பள்ளி விடுதியில் அவள் அப்பா சொல்லாமல் என்னைப் பார்க்க விட மாட்டார்கள், போனும் தர மாட்டார்கள். கடிதம்தான் கதி. இந்த அறை விலாசத்தைக் கொடுக்கப் பயம், ரோச் மோப்பம் பிடித்து வந்துவிடுவான். அதனால்தான் 'மேற்பார்வை, பங்குக் கோயில்' என்று கோயில் விலாசம் கொடுத்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஆன்றோ அண்ணன் மெழுகுவர்த்தி அலமாரியில் வாங்கி வைத்துத் தருகிறார்.

ஜூலை 14, ஞாயிறு

ஞாயிறும் வேலை. பூசை போச்சு.

ஜூலை 15, திங்கள்

பாவி மனுஷன்! இல்லை, அவரைத் திட்டக் கூடாது. ஆன்றோ அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏளா, மூணு நாளா ஒன் கடுதாசி கெடக்கு, ஒன்னயக் காங்கல. நேத்து பூசை முடிஞ்சு மைக்ல பேரு சொன்னேன். ஒன் நாத்தனா ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தாள்லா, நா குடுத்துருதேன்னு வாங்கிட்டுப் போனா."

அமலோற்பவம். ரோச்சின் அக்கா.

தொலைந்த சாவி, கொலுசு என்று எல்லாவற்றையும் மைக்கில் சொல்வதுதானே வழக்கம்? என் கடிதம் யாருக்கும் தெரியக் கூடாது என்று நான்தான் அவரிடம் சொல்லி வைக்கவில்லை. கோயில் விலாசம் எதற்கு என்று கேட்டபோது "அடிக்கடி ரூம் மாறுவேன் அண்ணே" என்று மழுப்பிவைத்தேன். புருஷன் அடிச்சான்னு சொல்ல எனக்கு என்ன வெக்கம்? ஐயோ, சொல்லித் தொலச்சிருக்கலாமே!

பிள்ளை என்ன எழுதியிருந்தாளோ.

ஜூலை 17, புதன்

ரோச் கோயில் வாசலில் நின்றானாம். இனி அந்தப் பக்கம் போக முடியாது.

ஜூலை 20, சனி

பெரிய தபாலாபீசில் விசாரித்தேன். விலாசம் இல்லாதவர்களின் தபாலை அங்கேயே வைத்திருந்து, அடையாள அட்டையைக் காட்டினால் கொடுப்பார்களாம். இத்தனை நாள் இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உடனே ஸ்டெபிக்கு எழுதினேன். அனுப்புநர்: பிளாரன்ஸ், தலைமைத் தபால் நிலையம், தூத்துக்குடி. 'இனி இங்க போடு மக்கா. அப்பா ஒன்னய ஏசுனாரா?'

ஜூலை 27, சனி

போனேன். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

கவுண்டரில் இருக்கும் பெண் என்னைக் கண்டதும் எழுந்தேவிட்டாள். "அக்கா, ஒங்களுக்குத் தபால் வந்திருக்கு!"

அடையாள அட்டையை நீட்டினேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

உறையின் மேல் இருந்தது என் எழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'மாணவியைத் தந்தை அழைத்துச் சென்றுவிட்டார். அனுப்புநருக்குத் திருப்பவும்.'

"நல்ல சேதியாக்கா?"

ஆமா என்றேன். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள், பாவம்.