முதல் வாய்த் தண்ணீர்

இன்று காலை கிணற்றில் அள்ளிய நீரை வாயில் வைத்ததும் விழுங்க முடியாமல் நின்றுவிட்டேன். இரண்டு நாளாக வாடைக்காற்று. வாளியில் சாதாளை நாறியது. கரையொதுங்கி அழுகும் அந்தக் கடற்பாசியின் மணம் வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். நீ கண்ணை மூடிவிட்டாய் என்று தூரதேசத்திலிருந்து செய்தி வந்து ஒரு மாதமாகிறது.

அனலைதீவில் அப்போது நமக்குப் பதினைந்து வயது. கார்த்திகைப் புயலில் கடல் உங்கள் வீட்டு வளவுக்குள் ஏறி உன் தம்பியைக் கொண்டுபோனது. நீ அழவில்லை. காற்றுக் கொஞ்சம் பலத்தால் போதும், யார் வீட்டுக் கிணறென்றும் பாராமல் ஓடிப்போய் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாய். "உப்புக்காரி வாறாள், கிணத்தை மூடுங்கோ!" என்று பெடியள் கத்துவார்கள். உன் அம்மா கோயிலில் நூல் கட்டுவித்தார். "பிள்ளை பயந்துபோனாள். தையோட சரியாப் போம்" என்றார். தை போய் அடுத்த மாரியும் வந்தது.

காரணத்தை எனக்கு மட்டும் சொன்னாய், பள்ளிக்கூட வேலியோரம், கால் விரலால் மணலைக் கிண்டியபடி.

"புயல் வந்த அண்டைக்கு விடிய தம்பிக்கு முகம் கழுவ அள்ளினனான். தண்ணி உவர்த்தது. அப்பா வலை அலசின வாளியாக்கும் எண்டு கழுவிப்போட்டுத் திருப்பி அள்ளினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வளவின் பள்ளத்தில் இருந்த அந்தக் கிணற்றுக்குள் கடல் அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் உவர்த்தால் எல்லோரும் முதலில் வாளியைத்தான் கழுவுவார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதை உன்னிடம் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

சாதாரண தரச் சோதனை, அந்த வயதில் எல்லோரும் எழுதும் பொதுப் பரீட்சை, ஊர்காவற்றுறையில். கடல் தாண்டி வள்ளத்தில் போக வேண்டும். கடல் புகுந்த உங்கள் கிணற்றில் உப்பு இன்னும் மாறவில்லை. மறுபடி கடல் ஏறினால் சொல்ல நானிருக்க வேண்டும், அது நல்ல தண்ணீராகும்வரை வள்ளத்தில் ஏற மாட்டேன் என்று நின்றாய். "இந்தச் சோதினையை விட்டால் குசினியில அடுப்போட கிட" என்றார் உன் அப்பா. அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

சோதனையன்று நான் கோயில் கிணற்றில் ஒரு குடம் அள்ளிவந்து, நீ வருமுன் உங்கள் வாளியில் ஊற்றிவைத்தேன்.

"இந்தா, இப்பதான் அள்ளினனான். குடிச்சுப் பார்."

குடித்தாய். விழுங்க நேரமெடுத்தாய்.

"நல்ல தண்ணி எல்லே?" என்றேன்.

"ஓம்" என்றாய். பேனையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாய். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பாதிக் கடலில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதிந்தது.

"கோயில் கிணத்துத் தண்ணியடி அது. எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் வந்தனி?"

"நீ அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தனி." மணிக்கட்டை விட்டாய். "தம்பி போன அண்டைக்கும் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனான். இண்டைக்கும் அப்பிடித்தான் வாறன்."

சோதனை மண்டபத்தில் காற்றுக்குக் கூரைத் தகரம் ஒருமுறை படபடத்தது. நீ பேனையை மூடிவைத்தாய். கடைசி மணிவரை கையைக் கட்டிக்கொண்டு, யன்னலுக்கு வெளியே, நம் தீவு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று கடல் ஏறவில்லை. திரும்பி வந்தபோது உங்கள் கிணறு காலையில் இருந்தபடியேதான் இருந்தது. ஆனால் அதன் பிறகு என் கையால் நீ ஒரு மிடறும் வாங்கிக் குடித்ததில்லை. இடம்பெயர்ந்து, ஆளுக்கொரு திசையாய்ப் போகும்வரை நாம் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

உன்னை வள்ளத்தில் ஏற்றிவிட்டதை மட்டும்தான் அன்று நான் பார்த்தேன். இரண்டாம் முறை உன் வாயை அடைத்தது நான் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

இன்று காலை தண்ணீர் உண்மையாகவே கரித்தது. வாளியைத் தூக்கினேன், கழுவத்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் எழும்புங்கோ, தண்ணி உவர்க்குது!" என்று கத்தினேன்.

"காத்து மாறினதாலயம்மா, சும்மா இருங்கோ" என்றாள் மகள் உள்ளிருந்து.

நான் மறுபடியும் கத்தினேன்.