காற்று வழியை அடைத்த பலகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரித்து ஆரம்பிக்கக் கை வரவில்லை. அடுத்த மாதம் உன் கட்டிடத்தைக் காட்ட வெளியூர்ப் பொறியாளர்களை அழைத்து வருகிறாய் என்றாய். அதற்குள் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம்.

நம் வீட்டில் ஏசி மாட்டிவிட்டேன். ஏசியே வேண்டாத அடுக்குமாடி என்று நீ வரைந்து பரிசு வாங்கி, நானும் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, அந்தக் கட்டிடத்தின் முதல் ஏசி உன் அம்மாவுடையது.

உன்மேல் குறையில்லை. கட்டிடத்தின் நடுவில் தரையிலிருந்து மொட்டைமாடி வரை நீ விட்ட காற்று வழி அருமையாகத்தான் வேலை செய்தது. ஜன்னலில் நுழைந்த காற்று வீட்டைச் சுற்றி, கூடத்துச் சுவரின் திறப்பு வழியாக அதில் போய்ச் சேரும். ஆனால் காற்று மட்டுமா போகும்? நான் தும்மினால் மேல்வீட்டுத் தையல்காரி ஜலதோஷமா என்று விசாரிப்பாள்.

அப்பாவுக்கு ஒரு வருஷமாக நினைவு தப்புகிறது, பாப்பா. நீ கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறார் என்றேனே, அது பொய். சாயங்காலமானால் அந்தத் திறப்பில் முகத்தை வைத்து, "பாப்பா, விளையாடினது போதும், மேல வா" என்று கத்துவார். வரவில்லையே என்று அழுவார். தலைமையாசிரியராக நடந்து வந்தால் பள்ளிக்கூடமே எழுந்து நின்ற மனுஷன். நான் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவேன். சில நாள் தானாகவே அடங்கிவிடுவார்.

எல்லா வீட்டுக்கும் கேட்கிறதே என்று மானம் போயிற்று. திறப்பைப் பலகை வைத்து அடைத்தேன். வீடு கொதித்தது. ஏசி வாங்கினேன். அதன் வெளிப்பெட்டி தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று காற்று வழிக்குள்ளேயே மாட்டச் சொன்னேன். அது கக்கிய அனலில் தையல்காரியின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவளும் ஏசி வாங்கி என்னைப் பார்த்து உள்ளேயே மாட்டினாள். பிறகு அவளுக்கு மேல்வீடு. உன் காற்று வழி இப்போது புகைபோக்கி மாதிரி கிடக்கிறது. எனக்கே எட்டிப்பார்க்கக் கூசுகிறது.

நேற்று தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கோபிக்கவில்லை. "சத்தம் நின்னதும் சாருக்கு என்னவோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டோம்மா. அவர் கூப்பிட்டா நான்தான் 'இதோ வரேன்பா'ன்னு குரல் குடுப்பேன். அழுகையை நிறுத்திடுவார்" என்றாள்.

உனக்காக யாரோ ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள். அதையும் சேர்த்து நான் அடைத்திருக்கிறேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டேன். ஏசியைக் கழற்ற ஆள் நாளை வருகிறார். மற்றவர்களையும் கழற்றச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது என்று நீதான் சொல்ல வேண்டும்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஒருநாள் நீ தனியாக வா. லிஃப்டில் ஏறாதே. காற்று வழியின் அடியில் நின்று அவர் கூப்பிடும்வரை காத்திரு. பிறகு இந்த முறை நீயே பதில் சொல், கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா