பொன்பாடிக்கு அந்தப் பக்கம்

மே 3, 2021, திங்கள்

நேற்று நோன்பு திறக்க வைத்த கஞ்சியில் உப்பே இல்லை. கேட்டால் கவுசருக்குக் கோபம் வருகிறது. "நோன்பு வெச்சிகினு நான் எப்படிங்க ருசி பாக்கறது? உப்பு டப்பா எதிர்லதான இருக்குது, போட்டுக்கினு குடிங்க." இருபத்துநாலு வருஷமாக இதே பதில்.

இன்று ஆந்திராவில் இருக்கிற புத்தூருக்குக் கிளம்புகிறேன். நாகராஜன் தன் ஒர்க்‌ஷாப்பை மூடுகிறான், என்ஜின் சிலிண்டரைக் கடைகிற போரிங் மெஷினை எனக்கே தருவதாகச் சொல்கிறான். அது வந்துவிட்டால் போரிங் வேலைக்கு அரக்கோணம் அலைய வேண்டாம். தம்பி பாசித் மெக்கானிக் கடையைப் பார்த்துக்கொள்வான். ரெண்டு நாளில் திரும்பிவிடுவேன்.

"இந்த நேரத்துல போயே ஆவணுமா?" என்றாள் கவுசர். புத்தூர் என்ன துபாயா? திருத்தணியிலிருந்து கூப்பிடு தூரம்.

மே 5, புதன்

மெஷின் நன்றாக இருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை. ராத்திரியிலிருந்து காய்ச்சல், உடம்பை யாரோ ஸ்பானர் போட்டு முறுக்குகிற மாதிரி வலி. ஆந்திராவில் இன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து ஊரடங்கு. தமிழ்நாட்டுப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது.

மே 7, வெள்ளி

பாசிட்டிவ்.

நாகராஜன் தெருமுனையிலேயே நின்றுகொண்டு, "நைனா, தப்பா நெனச்சுக்காதே" என்றான். நான் என்னத்தை நினைக்க? அவன் வீட்டிலும் பேரப்பிள்ளை இருக்கிறது. என்னை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு தெலுங்கில் அப்படியே இருக்கிறது. பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு, கட்டில் போட்டிருக்கிறார்கள்.

போனில் கவுசர் அழவில்லை, திட்டினாள். "சொன்னனா இல்லியா? இப்ப நோன்பு கீன்புன்னு பட்டினி கெடக்காதீங்க. நோயாளிக்கு நோன்பு இல்ல. குடுக்கறத துன்னுட்டு மாத்திர போடுங்க." அஃப்ஷான் போனை வாங்கி, "அத்தா, ஆவி புடிங்க" என்றாள். காலேஜில் சேர்ந்த பிறகு என் மகள் டாக்டராகவே ஆகிவிட்டாள்.

ரமலானில் பட்டப்பகலில் அவித்த முட்டை தின்கிறேன். யாரும் பார்க்கவில்லைதான். இருந்தாலும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டுதான் தின்றேன்.

மே 8, சனி

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்திருக்கிறார். கஜபதி. பள்ளிப்பட்டு பக்கம் ஏதோ கிராமம். மண்டிக்கு மாங்காய் லோடு கொண்டுவந்த இடத்தில் மாட்டிக்கொண்டாராம். ஓயாமல் இருமுகிறார், ஓயாமல் பேசவும் பேசுகிறார்.

"இன்னா பாய், எங்க வூடு தமிழ்நாட்டுல, மோட்டார் கொட்டா ஆந்திராவுல. டெய்லி நாலு வாட்டி எல்லைய தாண்டறேன். என் தண்ணிக்கி எவனும் பாஸ் கேட்டதில்ல. எனக்கு மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறான்?"

சிரித்து இருமி, இருமிச் சிரித்து, நர்ஸ் வந்து ரெண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள்.

மே 9, ஞாயிறு

கவுசருக்குக் காய்ச்சல்.

என்னிடமிருந்து போனதா? நான் கிளம்பும்போது நன்றாகத்தானே இருந்தேன்? யாரைக் கேட்பது.

மே 11, செவ்வாய்

கவுசரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மூச்சு வாங்குகிறதாம். ஆம்புலன்ஸில் பாசித் கூடப் போயிருக்கிறான். அஃப்ஷானுக்கு டெஸ்ட் எடுத்து இல்லை என்று வந்துவிட்டது, வீட்டில் தனியாக இருக்கிறாள். எதிர்வீட்டு கோமளவல்லி வாசலில் நின்றபடி பார்த்துக்கொள்கிறாராம்.

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். நெகட்டிவ் என்று வராமல் செக்போஸ்டில் விடமாட்டார்கள் என்றார். திருத்தணி எவ்வளவு தூரம் தெரியுமா சார், மத்தியானம் கிளம்பினால் மாலை டீக்கு வீட்டில் இருப்பேன் என்றேன். அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கஜபதி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "பாய், பின்னாடி சுவரு ஒடஞ்சிதான் கீது. என் மச்சான் டெம்போ எடுத்தாருவான். எங்க மாந்தோப்புக்குள்ள எறக்கி உட்டா, அந்தாண்ட வரப்பு தமிழ்நாடு. பொன்பாடி செக்போஸ்ட் பக்கமே போக வாணாம். இன்னா சொல்ற?"

நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 12, புதன்

போகவில்லை.

காலையில் கவுசர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். ரெண்டு வார்த்தை, ஒரு மூச்சு, மறுபடி ரெண்டு வார்த்தை. தோப்பு வழியாக வருகிறேன் என்று சொன்னதும் அந்த நிலைமையிலும் கத்தினாள். "வந்தா... இங்க உள்ள உடுவாங்களா? நேரா... பொண்ணு கிட்டதான் போவீங்க. அவளுக்கும்... குடுக்கப் போறீங்களா? அங்கயே இருங்க."

"நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வாணாம்டி" என்றேன்.

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன் போட்டேன், நீ பேசாத" என்று நானே போனை வைத்துவிட்டேன். அவள் பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் வைத்தேன். கோபமும்தான்.

டெம்போ வேண்டாம் என்று கஜபதியிடம் சொன்னேன். "உன் வூட்டம்மா பேச்ச தட்ட மாட்டியா?" என்று கிண்டல் செய்தார். தட்டாத நாளே இல்லை, இன்றுதான் கேட்கிறேன்.

மே 13, வியாழன்

பிறை தெரிந்துவிட்டது. கவுசர் போனை எடுக்கவில்லை. பாசித்தும் எடுக்கவில்லை.

மே 14, வெள்ளி

பெருநாள். போன வாரம் போட்டுவந்த சட்டையையே அலசிப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தொழுதேன். கஜபதி தன் பையிலிருந்து ஒரு மாம்பழத்தைத் துடைத்துக் கொடுத்தார். "பிரியாணி இல்லாத பெருநாளா பாய், இந்தா, இதான் லெக் பீஸ்" என்றார். மத்தியானம் சாம்பார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெருநாளன்று முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாசித் ஒருவழியாகப் பேசினான். "அண்ணிக்கு ஆக்சிஜன் வெச்சிக்கிறாங்கண்ணே. பேசக் கூடாதுன்னுட்டாங்க. தூங்கினு இருக்காங்க." குரல் கம்மியிருந்தது. அலைச்சல், பாவம்.

அஃப்ஷானிடம் என்ன சாப்பிட்டாய் என்றேன். கோமளவல்லி வடை பாயசத்தோடு சாப்பாடு கொடுத்தனுப்பினாராம். வருஷா வருஷம் பெருநாளன்று நம் வீட்டிலிருந்துதான் எதிர்வீட்டுக்குத் தட்டு போகும். அவர்கள் கறி தின்ன மாட்டார்கள் என்று காய்கறி பிரியாணியைத் தனிப் பாத்திரத்தில் செய்து கவுசர் முதலில் அங்கேதான் அனுப்புவாள். இந்த வருஷம் தலைகீழ். பரவாயில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பெண் தனியாக என்னத்தைச் சமைக்கும்?

மே 15, சனி

எனக்கு இருமல் குறைந்துவிட்டது. கவுசர் இன்னும் தூங்குகிறாளாம். எவ்வளவு நேரம்தான் தூங்குவாள்? கோழித் தூக்கம் தூங்குகிறவள்.

அஃப்ஷான் இன்றும் சமைக்கவில்லை. மசூதித் தெருவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

மே 16, ஞாயிறு

காலையில் அஃப்ஷானைக் கூப்பிட்டேன். டீ குடித்தாயாம்மா என்றேன். "குடிச்சேன் அத்தா. கோமளவல்லி அத்தை பிளாஸ்க்ல குடுத்தாங்க."

டீ.

என் மகள் அடுத்தவர் போட்ட டீயைக் குடிக்க மாட்டாள். அவள் அம்மா போட்டாலே இஞ்சி போதாது என்பாள், தானேதான் போட்டுக் குடிப்பாள். சோறாக்கத் தெம்பில்லை, சரி. டீ போடக்கூடவா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மையத்து விழுந்த சாவு வீட்டில் எங்களில் மூன்று நாளைக்கு அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்கும், டீ கொடுக்கும்.

"அஃப்ஷான், வீட்டுல அடுப்பு பத்த வெச்சியாம்மா?"

டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பெருநாள்லேர்ந்து ஒரு வாட்டியாச்சும் பத்த வெச்சியா?"

அத்தா என்று ஒரு சத்தம்தான் போட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறை பார்த்த அன்று சாயந்திரமே போயிட்டா. பெருநாள் அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கபரஸ்தானுக்கு. பாசித்து கிட்ட கத்தினேன், டேய் நீ மனுசனா, அவ மொகத்த போன்லயாச்சும் காட்டியிருக்கலாமேடா, இருபத்துநாலு வருசம்டா. அவன் அழுதான். "உங்களுக்கே ஒடம்பு இன்னும் தேறலண்ணே. சொன்னா தாங்குவீங்களா? தாங்கினாலும் நடந்தாச்சும் கெளம்பிடுவீங்க. எல்லையில புடிச்சா நான் எங்கன்னு ஓடறது?"

கிளம்பியிருப்பேன். ஆமா கிளம்பியிருப்பேன். அவ சொன்னாளேன்னு கேட்டேன் பாரு, வாழ்க்கையில ஒரு தடவை அவ பேச்ச அப்படியே கேட்டேன்.

ராத்திரி சாப்பாடு வாங்க நான் எழுந்திருக்கவில்லை. கஜபதி வாங்கிவந்தார். காலையில் நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தட்டை என் மடியில் வைத்தார். "சாவு வூட்டுக்கு அடுத்த வூடுதான சோறு குடுக்கணும்? இங்க உனக்கு அடுத்த வூடு நான்தான் பாய். துன்னு."

தின்றேன். முட்டையை உரித்தும் கொடுத்தார்.

மே 17, திங்கள்

கணவன் போனால் மனைவிக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா, வீட்டோடு துக்கம். மனைவி போனால் ஆம்பளைக்கு மூன்று நாள்தான் துக்கம் என்பார்கள். என் மூன்று நாளும் எனக்குத் தெரியாமலே தீர்ந்துவிட்டது. அதில் ஒரு நாள் பிரியாணி இல்லையே என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மே 19, புதன்

நெகட்டிவ் என்று காகிதம் வந்துவிட்டது. இதைத்தான் கேட்டேன் போன வாரம்.

கஜபதிக்கும் விடுதலை. அவர் மச்சானின் டெம்போவில் கிளம்பினோம். நகரியில் அவர் பிரிய வேண்டிய இடம் வந்தது. "மாங்கா காலம் முடியறதுக்குள்ள பொண்ண இட்டுகினு வூட்டுக்கு வா பாய்" என்றார். கையைப் பிடிக்க வந்து, பிடிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து, கும்பிட்டார்.

பொன்பாடியில் டெம்போ நின்றுவிட்டது. தடுப்பு வரைக்கும் நடந்தேன். தூரத்தில் திருத்தணி மலை தெரிந்தது. அத்தனை நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது. தாண்டும்போது ஒன்றுமே தெரியவில்லை, இந்தப் பக்கமும் அதே புளியமரம், அதே தார் ரோடு.

மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சுகாதாரத்துறைப் பெண், அஃப்ஷான் வயசுதான் இருக்கும், காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது. "ஏழு நாள் வீட்ல தனியா இருக்கணுங்க. தனி ரூம் இருக்குதா?"

"ஆங், இருக்குதும்மா."

"உங்கள யாரு பாத்துப்பாங்க?"

"வீட்டுல அவ இருக்கா" என்றேன்.

மனைவி என்று எழுதிக்கொண்டது. நான் திருத்தவில்லை. என்ன சொல்லித் திருத்துவது?

பாசித் பைக்கோடு நின்றான். ஆள் பாதியாகிவிட்டான். அவன் முகத்தைப் பார்க்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மே 20, வியாழன்

முன் ரூமில் அடைத்திருக்கிறார்கள், அல்லது நானே அடைந்திருக்கிறேன். நேற்று வந்ததும் அஃப்ஷான் ஓடிவந்தாள். கிட்ட வராதே என்று நான்தான் கத்தினேன். கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து அழுதாள், இந்தப் பக்கம் நான். கவுசர் இருந்திருந்தால் ரெண்டு பேரையும் அதட்டியிருப்பாள்.

வெளியிலிருந்து கோமளவல்லி குரல் கொடுத்தார். "பாய், பொண்ண பத்தி கவலப்படாதீங்க. ராத்திரிக்கி எங்க வூட்டுத் திண்ணயில படுத்துக்கினு உங்க வாசலயே பாத்துகினு இருக்கேன்." ஆங் என்று சொல்லத்தான் முடிந்தது.

மே 23, ஞாயிறு

ஜன்னலுக்கு வெளியே பாசித் வந்து நிற்கிறான், போகிறான். கடைச் சாவியை வைத்துவிட்டுப் போனான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே 28, வெள்ளி

ஏழு நாள் நேற்று முன்தினமே முடிந்தது. வெளியே வந்ததும் முதலில் என் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும், ஊரடங்குப் போலீஸ் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், கபரஸ்தானுக்குக் கிளம்பினேன். பாசித்தும் பின்னாலேயே வந்தான்.

வேப்பமரத்துக்குப் பின்னால் புதுசாக நாலு மேடு. தலைமாட்டில் நடுகிற மீஸான் கல் எதிலும் இன்னும் இல்லை. எது என்று பாசித்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியலண்ணே."

"இன்னாடா தெரியல?"

"அன்னிக்கி நாலு மையத்து வந்திச்சு. ஜமாஅத்து பசங்களோட நானும் அந்த வெள்ள டிரஸ்ஸ போட்டுக்கினு எறங்கினேன். கண்ணாடி ஃபுல்லா ஆவி. அண்ணிய எறக்கினேன், மண்ணு போட்டேன், அதான் தெரியும். நிமிந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி மூடி கீது. இதுல ஒண்ணுதாண்ணே. எதுன்னு... நான் இத எப்படி உங்ககிட்ட சொல்றது?"

இதைத்தான் அத்தனை நாளும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறான். அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். அவன் கழுத்தைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். என் கவுசரைக் கையில் ஏந்தி இறக்கியவன் எங்கள் வீட்டில் இவன் ஒருத்தன்தான்.

பிறகு முதல் மேட்டுக்குப் போய் சலாம் சொல்லி, ஃபாத்திஹா ஓதினேன். அடுத்ததற்கும் ஓதினேன். அதற்கடுத்ததற்கும், கடைசிக்கும். மற்ற மூன்று பேரும் யாரென்று தெரியாது, அவர்களுக்கும் சேரட்டும். ஒவ்வொரு தலைமாட்டிலும் குனிந்து, "கவுசரு, வந்துட்டேன்" என்றேன்.

நாலு இடத்தில் சொன்னேன். ஒரு இடத்தில் கேட்டிருக்கும்.