ஏழு தட்டு எந்திரம்

செப்டம்பர் 2, சனி

ட்ரென்ட் ஹாலன்பெக் இன்று சுடுதளத்தில் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தான். உலகம் என்றால் பதினோரு பேரும் ஒரு நாயும். துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடான மேகசினுக்குள் முப்பது தோட்டாக்களை, ஸ்பிரிங்கை எதிர்த்து, கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி இறக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. அந்த ஒன்றரை நிமிடத்தை மனித குலத்துக்கு மீட்டுத் தருவதற்காக ட்ரென்ட் தன் கார் ஷெட்டில் இரண்டு குளிர்காலங்களைச் செலவிட்டிருக்கிறான். மீட்ட நேரத்தில் மனித குலம் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் சுடும் சார்."

என்னிடம் இரண்டு வருடம் லத்தீன் படித்தவன். படித்தவன் என்பது பள்ளிப் பதிவேட்டின் கூற்று.

எந்திரம் இதுதான்: கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் நெம்புகோல், உள்ளே பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு தட்டு. பள்ளங்களில் தோட்டாக்களைப் படுக்கவைத்து, மூடி, நெம்புகோலை இழுத்தால் கடகடவென்று மேகசினுக்குள் போய்ச் சேரும். தோட்டா எந்த அளவு, அதாவது எந்தக் காலிபராக இருந்தாலும் இது ஒன்றே போதும் என்றான். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஏழு தட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினான். காலிபருக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு நிறம்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுன்னியே, இதென்ன ஏழு?"

"பெட்டி ஒண்ணுதான் சார். தட்டுதான் மாறும்."

எல்லாருடைய காலுக்கும் பொருந்தும் செருப்பு. அடிப்பாகத்தை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் 'ஆல்ஃபா ஃபீடர்'. என்னிடம் கற்ற லத்தீனில் அவனுக்கு எஞ்சியது ஒரு கிரேக்க எழுத்து.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது நாலு பேர் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். கடவுளைப் பற்றி யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 6, புதன்

நோரீன் இன்று வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். மணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஜாடி திறப்பது அவள். போட்டியில் சுடுவதும் அவள். நான் மதிப்பெண் எழுதுகிறவன்.

இரண்டு கட்டை விரல்களிலும் அடி மூட்டு தேய்ந்துவிட்டதாம். கண்ணில் குறையில்லை, தோளில் குறையில்லை. விசையை இழுக்கும் விரல் இருபது வயதில் இருந்தது போலவே இருக்கிறது. மேகசினை நிரப்புவதுதான் முடியவில்லை. பாதி நிறைந்ததுமே ஸ்பிரிங் இறுகுகிறது, அவள் முகமும் இறுகுகிறது.

"ட்ரென்ட்கிட்ட அந்தப் பெட்டி ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

"அந்தக் குப்பையையா?"

"குப்பையா இல்லையான்னு என் கைதானே சொல்லணும்."

பேச்சை மாற்றினேன். ட்ரென்ட்டின் படைப்பு என் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். சுடும் கிளப்பின் செயலாளர் நான்; செயலாளரே வாங்கிவிட்டார் என்று அவன் விளம்பரம் அடிப்பான்.

செப்டம்பர் 9, சனி

ட்ரென்ட் இரண்டு பெட்டிகள் விற்றிருக்கிறான். ஒன்றை வாங்கியவர் டேல். டேலின் காற்சட்டையில் ஒன்பது பைகள். போர் மூண்டால் உதவும் என்று வாங்கியது. இதுவரை ஒன்பதிலும் வேர்க்கடலைதான் இருந்திருக்கிறது.

கிளப் அறையில் கஸ் லிண்ட்க்விஸ்ட் வழக்கம்போல் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டியிருப்பது அவன் துப்பாக்கி. நடுப்பகுதி வாழைப்பழத்தை உரித்தது போலப் பிளந்திருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் 223 காலிபர் துப்பாக்கியும் இருக்கிறது, மானுக்கு 300ம் இருக்கிறது. இரண்டு தோட்டாவுக்கும் பின்பக்கம் ஒன்று, மேகசினும் ஒன்று. 300க்கு மூக்கு மட்டும் தடிமன். அது 223 துப்பாக்கிக்குள் போனால் குழாயில் நுழைய முடியாமல் துப்பாக்கியையே பிளக்கும். இது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். கஸ்ஸுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கலந்து போட்டான், இரண்டு வருடம் முன்பு. இடக் காதில் பாதிக் கேட்கும் திறன் போயிற்று. வலப் புருவம் இன்றுவரை முளைக்கவில்லை.

துப்பாக்கிக்குக் கீழே பித்தளைப் பலகை வைத்தவன் நான். 'கவனமின்மையின் நினைவாக.' நான்காம் விதியையும் அப்போதே எழுதினேன்: சுடுதளத்தில் அவரவர் மேகசினை அவரவரே பார்த்து நிரப்ப வேண்டும்.

"யோவ் வாத்தி, அந்தப் பலகையை எப்ப கழட்டுவ?"

"நீ செத்தப்புறம். அப்ப உன் கல்லறையில வைக்கலாம், வாசகத்தை மாத்த வேண்டியதில்லை."

செப்டம்பர் 16, சனி

நோரீன் பத்து தோட்டா போட்டுக்கொண்டு சுட்டாள், மறுபடி பத்து, மறுபடி பத்து. மற்றவர்கள் முடித்துவிட்டு அவளுக்காகக் காத்து நின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள், அக்டோபர் ஏழாம் தேதி இலையுதிர்காலப் போட்டியில் சுடப்போவதில்லை என்று. போட்டி தொடங்கிய ஆண்டிலிருந்து விடாமல் சுட்டவள்.

"இந்த வருஷம் மட்டுமா?"

"இனிமேலேன்னு வச்சுக்கோ."

இரவு முழுக்க அவள் மீன்பிடித் தூண்டில் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நோரீனுக்கு மீன் பிடிக்காது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நான் நிரப்பித் தருகிறேன் என்றேன்.

"நாலாவது விதி?"

"விதி சுடுதளத்துக்குத்தான். இது சமையலறை."

"இதையே கஸ் சொல்லியிருந்தா?"

"இன்னொரு பலகை செஞ்சிருப்பேன்."

சிரித்தாள். சரி என்றாள். பாத்திரத்தைத் துடைத்து முடித்தாள். பிறகு, "எனக்கு இது பிடிக்கலை. கிழவிக்கு யாராவது வாரா வாரம் மாத்திரை டப்பாவை நிரப்பிக் குடுப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு" என்றாள்.

பழகிவிடும்.

செப்டம்பர் 23, சனி

முதல் இடம். கோடைக்குப் பிறகு அவளுடைய நல்ல சுற்று இதுதான். என் கட்டை விரலில் கொப்புளம். பெருமையாக இருக்கிறது, அதை மறைக்கவும் முயலவில்லை. ட்ரென்ட் வந்து நோரீனிடம் எந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். ஏழு தட்டையும் காட்டினான். 223க்கான பச்சைத் தட்டைக் கையில் வாங்கி, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மரியாதைக்காக இருக்கும்.

செப்டம்பர் 29, வெள்ளி

மான் பருவம் நெருங்குகிறது. மாலை என் 300ஐத் துடைத்து, தோட்டாக்களைப் பிரித்து வைத்தேன். அதே மேசையில் நோரீனின் 223 மேகசின்களையும் போட்டிக்கு நிரப்பிவிட்டேன். நோரீன் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ரேடியோவில் ரோமானிய நீர்க்குழாய்களைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். மூன்று இடத்தில் தவறு.

நிரப்பும்போது தோன்றியது: ட்ரென்ட் எதைத் தொலைத்துவிட்டான் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. கையால் போடும்போது ஒவ்வொரு தோட்டாவையும் கண் பார்க்கிறது, விரல் உணர்கிறது, மனம் ஒப்புக்கொள்கிறது. அந்த ஒன்றரை நிமிடம் வீண் அல்ல, அதுதான் காவல். பெட்டிக்குக் கண்ணும் கிடையாது, மனமும் கிடையாது. கொடுத்ததை எல்லாம் விழுங்கும். ட்ரென்ட் போலவே.

இதைக் கிளப் செய்தித்தாளுக்கு எழுதலாம்.

அக்டோபர் 7, சனி

நோரீன் இரண்டாம் இடம். இன்று எழுத முடியாது.

அக்டோபர் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

போட்டிக்கு முன் மதிப்பெண் தாள்களை எடுக்க வண்டிக்குப் போனேன். நோரீன் வண்டியின் பின்பலகையைத் திறந்துவைத்து, நான் நிரப்பிய மேகசின்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ட்ரென்ட். நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி, புத்தம் புதிது. வாங்கிவிட்டிருக்கிறாள்.

"என்ன பண்றே?"

"நான் சுடறதை நானே நிரப்பிக்கறேன். கோவிச்சுக்காதே."

கோபித்துக்கொண்டேன். ஆனால் பேசவில்லை, ட்ரென்ட் இருந்தான். அவள் பச்சைத் தட்டில் தோட்டாக்களை அடுக்கினாள். கட்டை விரலே தேவைப்படவில்லை, சீட்டு அடுக்குவது போல அடுக்கினாள். இரண்டு மேகசின் நிறைந்தது. மூன்றாவதில் ஒரு தோட்டா பள்ளத்தில் படியவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூடி மூடவில்லை.

நான் சொன்னேன். சொன்ன வார்த்தை நினைவிருக்கிறது, மறந்தால் நன்றாக இருக்கும். "பாத்தியா, முதல் நாளே மக்கர்."

ட்ரென்ட் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "சாரி மேடம், தட்டுல எங்கயோ பிசிறு இருக்கு. அமுக்கினா உக்காந்துடும்." உள்ளங்கையால் அமுக்கினான். உட்காரவில்லை. "அரம் எடுத்துட்டு வந்து தேய்ச்சுத் தரேன்."

நோரீன் அந்தத் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பரவால்ல ட்ரென்ட். இன்னொண்ணு வச்சுக்கறேன்."

அவ்வளவுதான். போய்ச் சுட்டாள். அவள் ஒவ்வொரு முறை சுட்டபோதும் என் கழுத்து தோளுக்குள் இறங்கியது. என்ன மதிப்பெண் எழுதினேன் என்று தெரியவில்லை. கஸ்தான் சரிபார்த்தான்.

இரவுச் சாப்பாட்டில் என் தட்டுக்குப் பக்கத்தில், முள்கரண்டிக்கு அடுத்து, அதை நிமிர்த்தி வைத்தாள். 300. தடித்த மூக்கு.

"உன்னோடது. மான் பெட்டியில போட்டுடு."

பலகை செய்யச் சொல்வாள் என்று காத்திருந்தேன். உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள்.

எப்படிப் போச்சு அது? பாத்துத்தானே போட்டேன். பாத்தேனா? பேராசிரியரோட தப்பை எண்ணிக்கிட்டு இருந்தேன். அவ கன்னம் துப்பாக்கியில ஒட்டியிருக்கும், எப்பவும். கஸ் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பான், அதனால புருவத்தோட போச்சு. நோரீன் கன்னத்தை ஒட்டி வச்சுத்தான் சுடுவா.

அக்டோபர் 10, செவ்வாய்

மான் பருவம் தொடங்கியது. போகவில்லை.

அக்டோபர் 14, சனி

கிளப் கூட்டம். கடைசியில் ட்ரென்ட் எழுந்தான். போட்டி அன்று பச்சைத் தட்டில் குறை தெரிந்துவிட்டதாம். தோட்டா அடைத்துக்கொண்டதாம். அதனால் விற்ற தட்டுகளைத் திரும்ப வாங்கி, விற்காதவற்றோடு சேர்த்து, பள்ளத்தை அகலமாகத் தேய்த்துத் தரப்போகிறானாம். "இனிமே எது வச்சாலும் உக்காரும்" என்றான். டேல் கைதட்டினார்.

அவன் செய்ததில் சரியாக இருந்தது அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதுவும் அவனுக்குத் தெரியாமல் நேர்ந்தது. இப்போது அதைக் குறை என்று தேய்க்கப்போகிறான். இந்த ஊரில் முட்டாள்தனத்துக்குக்கூட விடாமுயற்சி உண்டு.

நோரீனைப் பார்த்தேன். அவள் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள். நான் சும்மா இருந்தால் அவளும் சும்மா இருப்பாள், அடுத்த மாதம் எவனோ ஒருவன் கன்னத்தைத் துப்பாக்கியில் ஒட்டி வைப்பான்.

எழுந்தேன்.

"தட்டைத் தேய்க்காதே ட்ரென்ட். தட்டு சரியா இருக்கு. அது 300 தோட்டா."

"நான் பாக்கலையே சார். 223 மேகசின்ல 300 எப்படி வந்தது?"

"நான் போட்டேன். எங்க வீட்டுச் சமையலறையில, நோரீனுக்காக."

காபி இயந்திரம் கொதித்து அடங்கும் சத்தம் கேட்டது. பிறகு கஸ், முளைக்காத புருவத்தைத் தடவிக்கொண்டே:

"என்ன வாத்தி, காது விழலை. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

போய், கேட்கும் காதுப் பக்கம் நின்று, மறுபடியும் சொன்னேன். அவன் முதல் தடவையே கேட்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பலகையில இன்னொரு பேருக்கு இடம் இருக்கா?"

"அதுல பேரே இல்லை கஸ்."

"ஆமாம். ஆனா எல்லாரும் என்னைத்தான் படிச்சாங்க."

ட்ரென்ட்டுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. அப்படியானால் அவன் பெட்டிக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, உன்னைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எழுதி வைத்துக்கொண்டான்.

அக்டோபர் 15, ஞாயிறு

செயலாளர் பதவியை விட்டுக் கடிதம் கொடுத்தேன். வேறு யாருக்கும் வாக்கியம் எழுத வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 21, சனி

குளிர். முதல் பனி மேட்டில் தெரிகிறது. சுவரில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. பலகை இருந்த இடத்தில் நாலு திருகுத் துளை. கஸ் அதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தான்.

நோரீன் தன் மேகசின்களைப் பெட்டியில் நிரப்பினாள். பச்சைத் தட்டு, நெம்புகோல், கடகட. பிறகு கையை நீட்டினாள். எதற்கு என்று புரியாமல் நின்றேன்.

"உன்னோட மான் துப்பாக்கி மேகசினைக் குடு."

கொடுத்தேன். நிரப்பினாள். நான்காம் விதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று, அவள் கேட்டபோது தட்டை எடுத்துக் கொடுத்தேன்.