முன் அனுபவம் உண்டா அம்மணி?

கிணத்துக்கடவு
18.11.96

அன்புள்ள மகன் மனோஜ்குமாருக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கச்சி பிரவீனா, கறவை மாடு உள்பட எல்லோரும் சுகம். அங்கே அமெரிக்காவில் உன் சுகத்துக்கும், நீயே சமைத்துச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாயே, அந்த வயிற்றின் சுகத்துக்கும் மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. கடிதம் எழுதினால் கை தேய்ந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கிறாய், நல்லது, அதனால் எழுத்தாவது புரிந்தது. அதில் இரண்டு புத்திமதி இருந்தது. முதலாவது, பிரவீனாவைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்பது. இரண்டாவது, அப்படிப் போகாவிட்டால் முன் அனுபவம் இல்லாமலேயே ஆஸ்பத்திரி வேலை வாங்குவது எப்படி என்று ஒரு பக்கம். முதலாவதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதை உன் தங்கச்சி ஒரு வரி விடாமல் செய்து பார்த்தாள், அந்தக் கதையைக் கேள்.

ஆடிக்கு ஈரோட்டிலிருந்து அவளை அழைத்து வந்தோம் அல்லவா, ஆடி முடிந்தும் அவள் பெட்டியைக் கட்டவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் மாப்பிள்ளை அறைவாராம், உப்புக் கூடினாலும் அறைவாராம், சரியாக இருந்தால் எதற்கு இன்றைக்கு மட்டும் சரியாக இருக்கிறது என்று அறைவாராம். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தோப்புக்குப் போய்த் தேங்காய் போடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, தலை தீபாவளிக்கு அவங்க வருவாங்க, அதுக்குள்ள அம்மணிக்கு ஒரு வேலைன்னு இருந்தா பேசறதுக்கு எனக்கொரு வாய் இருக்கும், இல்லீன்னா அனுப்பித்தான் ஆகோணும் என்று சொல்லிவிட்டார். ஊரில் நாலு பஞ்சாயத்துத் தீர்க்கிற வாய், மகளுக்காகப் பேச மட்டும் வேலை உத்தரவு கேட்கிறது. ஆக, தீபாவளிக்குள் வேலை, இல்லாவிட்டால் ஈரோடு. உன் தங்கச்சி படித்ததோ பி.ஏ. சரித்திரம்.

பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, நோயாளிகூட இத்தனை ஆஸ்பத்திரி பார்த்திருக்க மாட்டான். எங்கே போனாலும் ஒரே கேள்வி, முன் அனுபவம் உண்டா அம்மணி? படுக்கை விரிப்பை மாற்றுவதற்கும் சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கும் முன் அனுபவமாம். கல்யாணம் ஆகாதவளிடம் எத்தனை பிள்ளை என்று கேட்கிற கதையாக இருக்கிறது. சரி, அண்ணன் எழுதியபடி செய்வோம் என்று ஒரு ஆஸ்பத்திரி மேனேஜரிடம் கையை நீட்டிக் குலுக்கப் போனாள். அந்த மேனேஜர் நெற்றி நிறைய விபூதி வைத்த பெரிய மனுஷன், இவள் கையை நீட்டியதும் ஏதோ நன்கொடை கேட்கிறாள் என்று மேஜை டிராயரைச் சாத்திவிட்டாராம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று எழுதியிருந்தாய், இவள் பார்த்தாள், அவர் தலைக்கு மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசி அனுப்பிவிட்டார். நம்மிடம் உள்ள குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாய். அடுத்த ஆஸ்பத்திரியில் யாருமே கேட்கவில்லை, இவளாகவே, எனக்குக் காலையில நேரத்துல எந்திரிக்க வராதுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். அது உண்மைதான், எனக்குத் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

எல்லாவற்றையும்விடப் பெரிய புத்திமதி, சம்பளம் வேண்டாம், ஒரு மாசம் சும்மா வேலை செய்கிறேன் என்று சொல்லிப் பார் என்பது. சொன்னாள். அதைக் கேட்ட கோயமுத்தூர் மேனேஜர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டாராம். ஏனம்மணி, ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தியா, கோவிச்சுட்டு வந்தியா என்று கேட்டு, ஒரு ஆயாவைக் கூப்பிட்டு இவளுக்குக் காபி வாங்கிக் கொடுக்கச் சொல்லி, அந்த ஆயாவையே துணைக்கு அனுப்பி உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டார். உன் அமெரிக்காவில் அப்படிச் சொன்னால் மெச்சிக்கொள்வார்களோ என்னவோ, நம் பக்கத்தில் கூலி வேண்டாம் என்று வேலைக்கு வருகிற பெண்ணை வீட்டில் ஒப்படைக்கத்தான் பார்ப்பார்கள் கண்ணு.

கடைசியில் வேலை கிடைத்தது உன் காகிதத்தால் இல்லை. தீபாவளி நெருங்கும்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா ஒருத்தி சொல்லாமல் நின்றுபோனாள், அவள் புண்ணியம். அங்கே தலைமை நர்ஸ் தாஜுன்னிசா என்று ஒரு அம்மா, அனுபவத்தைப் பற்றியே கேட்கவில்லையாம். யாராச்சும் வாந்தி எடுத்தா மூஞ்சியைச் சுளிப்பியா என்று மட்டும் கேட்டார். சுளிப்பேனுங்க, ஆனாத் தொடச்சுப்போடுவேன் என்றிருக்கிறாள். நாளையிலிருந்து வா, பார்க்கலாம், சரிப்படாவிட்டால் நின்றுகொள் என்றார். உன் அப்பா அன்றே டீக்கடையில் அம்மணி ஆஸ்பத்திரியில் ஆபீசர் என்று சொல்லிவிட்டார். பெட்பேன் கழுவுகிற ஆபீசர்.

போன வேகத்தில் என்ன செய்தாள் தெரியுமா? ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு ஒண்ணும் குடுத்துப்போடாதே என்று தாஜுன்னிசா அம்மா ஓட்டமாக ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவளும் சரி என்று, இட்லியைக் கொடுக்கவில்லை. நெகமத்திலிருந்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கவும், ஒரு சொம்பு தண்ணியும் ஒரு டம்ளர் காபியும் மட்டும் கொடுத்திருக்கிறாள். நம் வீட்டில் வளர்ந்தவள்தானே, வந்த மனுஷனுக்குத் தண்ணியும் காபியும் கொடுப்பதை நாம் என்றைக்கு ஒன்று கொடுத்ததாக நினைத்திருக்கிறோம்? பெரியவர் அவர் பங்குக்கு இன்னும் மேலே. மயக்க மருந்து டாக்டர் வந்து ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டதற்கு, ஒரு சொட்டுக்கூட இல்லீங்க என்றாராம், புதுப் பெண் திட்டு வாங்கக்கூடாதே என்று. மரியாதைக்காக உயிரை விடுவார்கள் நம் ஆட்கள், நிஜமாகவே விட்டிருப்பார். பெரியவரைப் படுக்க வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும்போதுதான் ஒரு நர்ஸ், வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி மூச்சு அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் இந்தப் பட்டினி என்று பேச்சுவாக்கில் சொன்னாளாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பிக்கும், தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவர் பொய் சொல்றாருங்க, நான்தானுங்க தண்ணியும் காப்பியும் குடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். பெரியவர் அப்போதும், இல்லீங்க, பாப்பா தெரியாமப் பேசுது என்றாராம்.

ஆபரேஷன் நின்றது, டாக்டர் கத்தினார், நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அன்று அவள் மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சத்தம் கேட்கக்கூடாது என்று மோட்டாரைப் போட்டுவிட்டு அழுதாள். தண்ணீர் வாய்க்கால் நிரம்பி வெளியே ஓடியது. நான் வெளியில் நின்றுகொண்டிருந்தேன். என் மகளை அடிக்கிறவன் கையில் நானே கொண்டுபோய்ப் பிடித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது கண்ணு. உன் அப்பா மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்கப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார், பட்டுக்கரை போட்டதுதான் வேண்டுமாம்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. தாஜுன்னிசா அம்மா. தப்புச் செய்யாதவள் என்று இங்கே யாரும் இல்லை, செய்ததைச் சொல்கிறவள் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று டாக்டரிடம் சண்டை போட்டாராம், கிளம்பி வரச் சொன்னார். ஆனால் வார்டில் வேண்டாம், யாருக்கும் எதுவும் கையில் எடுத்துக் கொடுக்க முடியாத இடமாகப் பார்த்துப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பெரியவருக்கும் மறுவாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்குப் போகும்போது இவளிடம் இப்பக் குடிக்கலாமுங்களா என்று கேட்டு ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாராம்.

இனிதான் கேட்க வேண்டியது. தீபாவளிக்கு முதல் நாள் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இங்கே வந்தார்கள். பிரவீனா வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். உன் அப்பா தொண்டையைச் செருமிச் செருமி, கடைசியில், ஆமாங்க, அம்மணிக்கு வேலை இருக்குதுங்க என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் அவர் கேட்ட வாய், ஆனாலும் சொன்னார், அதை ஒத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலில் போய், கிளம்புடி என்றாராம். உன் தங்கச்சி தலையைத் தூக்கி, வரிசையில வாங்க, டோக்கன் வாங்கி உக்காருங்க என்றாளாம். பின்னால் நின்ற கிழவிகள் எல்லாம் நாங்க விடியக்காலம் வந்தவங்க என்று சத்தம் போடவும், ஈரோட்டு மஞ்சள் மண்டி முதலாளி டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மாமியாருக்கு மட்டும் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாளாம், அந்த அம்மாவுக்கு அன்று ஆபரேஷன் ஒன்றும் இல்லையே. மாப்பிள்ளை நம்பர் வந்ததும் கூப்பிட்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே, சொல்லுங்க, என்ன தொந்தரவுங்க என்று கேட்டிருக்கிறாள். உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன் என்றார். அதுக்கு இங்க வைத்தியம் இல்லீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாளாம். பட்டுக்கரை வேட்டியை உன் அப்பாவே தீபாவளிக்குக் கட்டிக்கொண்டார், அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உன் முதல் புத்திமதிக்கு வருகிறேன். அந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையை இனி எனக்கோ அவளுக்கோ எழுதாதே. கன்னத்தில் ஓர் அறை வாங்கிவிட்டு அப்புறம் எழுது, அனுபவம் இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். அதைப் படித்த அன்றைக்கு அவள், அண்ணனுமா என்று மட்டும் கேட்டாள். அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் இல்லை, கையால். குளிரில் காதை மூடிக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நல்ல மனசோடு, ஆயுசோடு இரு சாமி. தை மாதம் வருகிறேன் என்றிருக்கிறாய், வா. தங்கச்சியோடு பேச வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா, மற்ற நாளில் நீயும் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தி. நாச்சியம்மாள்