கடைசியில் வர வேண்டிய -lm

மார்ச் 4, திங்கள்

புதிய கணினிகள் வந்துவிட்டன. பழையதில் சமர்த்தாக ஓடிய என் கிரேன் நிரல் புதியதில் அடம்பிடிக்கிறது. கணினி மொழிக்கு மாற்றும் கம்பைல் வேலை நடந்துவிடுகிறது. கடைசியில் துண்டுகளை இணைக்கும் லிங்கர்தான் கையை விரிக்கிறது: sqrt என்று எதையோ கூப்பிடுகிறாய், அது எங்கே என்று எனக்குத் தெரியாது.

sqrt என்றால் வர்க்கமூலம். அது இல்லாமல் கிரேனின் கை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது? வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்கள். அன்று ஓடினால்தான் என் வேலை நிரந்தரம். பல வருடம் வீட்டோடு இருந்துவிட்டுக் கிடைத்த வேலை.

மார்ச் 5, செவ்வாய்

கணித நூலகத்தைச் சேர்க்கச் சொல்லும் -lm, கம்பைல் செய்யும் கட்டளை வரியில் இருக்கத்தான் இருக்கிறது. அதுவும் முன்னாலேயே. எங்கள் பிரிவின் சட்டம் அது: -lm போன்ற குறிகள் எல்லாம் முன்னால், அகரவரிசையில்; கோப்புப் பெயர்கள் பின்னால். சட்டம் போட்டவர் மேலாளர். பேனாக்களைக்கூட உயரவாரியாக அடுக்குவார். ஸ்கேல் சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவர் இல்லாதபோது.

சந்தேகத்துக்கு ஒரு குட்டி நிரல் எழுதினேன். இரண்டின் வர்க்கமூலம், அவ்வளவுதான். -lm போடாமலே ஓடியது. அப்படியென்றால் நூலகத்தில் கோளாறு இல்லை. என்னிடம்தான்.

மார்ச் 6, புதன்

நாள் முழுக்க என் நிரலையே தோண்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூளை துருப்பிடித்துவிட்டதா எனக்கு?

அம்மா வாசலிலேயே, "ஓடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா."

"சாப்பிட்டுப் படு. நாளைக்கு ஓடும்."

எரிந்து விழுந்தேன். பாவம் அம்மா. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 7, வியாழன்

குட்டி நிரல் என்னை ஏமாற்றியிருக்கிறது! இரண்டு என்று நேராக எழுதிவிட்டதால் கம்பைலரே விடையைப் போட்டுக்கொண்டது. நூலகம் பக்கமே போகவில்லை. எண்ணை வெளியிலிருந்து வாங்கும்படி மாற்றினேன். -lm-ஐ முன்னால் போட்டும் அதே பிழை. பிழையைப் பார்த்து இப்படி நான் சந்தோஷப்பட்டதே இல்லை. -lm-ஐத் தூக்கிக் கோப்புப் பெயருக்குப் பின்னால் போட்டேன். ஓடியது. கிரேன் நிரலும்.

லிங்கர் அந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறது. நூலகம் முதலில் வந்தால், இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று தாண்டிப் போய்விடுகிறது. அப்புறம் கேட்டால் இல்லை என்கிறது. பழைய கணினி இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். "இந்த ஒரு துண்டுக்கா இத்தனை நாள்?" என்றார். சொல்லட்டும். ஓடுகிறதே.

மார்ச் 8, வெள்ளி

போச்சு.

வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன் ஸ்கேல் சார் அந்தக் கட்டளை வரியை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். -lm மறுபடி முன்னால். நிரலைப் புதிதாகவே கம்பைல் செய்து காட்டுகிறேன் என்று அவர்கள் எதிரில் பொத்தானைத் தட்டினார். திரை முழுக்கப் பிழை.

"சார், அதைக் கடைசியில போடணும் சார். ஒரு நிமிஷம் கொடுங்க —"

"நீங்க உட்காருங்க. பண்ணின வரைக்கும் போதும்."

கீபோர்டைத் தொடவே விடலை. வந்தவங்க கடிகாரத்தைப் பார்க்கிறாங்க, நான் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கேன். ஏன் எழுந்து கத்தலை? வாயில என்ன இருந்துச்சு எனக்கு?

மார்ச் 11, திங்கள்

நிரந்தரம் இல்லை. எனக்குப் "பொறுப்பு போதாது" என்றார். மேசையில் என்னுடையது என்று ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆபீஸில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவள் போன் செய்தாள். கிரேன் நிரல் ஓடுகிறதாம்.

"நீ போட்ட மாதிரியே கடைசியில போட்டுட்டாருடி. மேல ஒரு குறிப்பு வேற. இந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாதாம். கீழ அவர் பேரு."

இருவரும் சிரித்தோம்.

போனை வைத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"ஓடுதாம்மா."

"நான் சொன்னேன்ல!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "அப்ப திரும்பக் கூப்பிடுறாங்களா? நாளைக்குச் சாப்பாட்டு டப்பாவ எடுத்து வைக்கவா?"

வேண்டாம் என்றேன்.