மாரடைப்பு என்று போட்டார்கள்

இன்று காலை ஈப்போவில், கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம். வாசலிலேயே ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. உன் மேல் எப்போதும் அடித்த வாடை. ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் "தே ஓ இருக்காடி?" என்று பாலில்லாத தேநீர் கேட்பாய். அந்த வாடையும் உன்னோடு உள்ளே வரும்.

கையில் ஊசியோடு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க கூட்டாளி டாக்டரு, இரத்த ஆராய்ச்சி செஞ்சவங்க, ஹார்ட் அட்டாக்னுதானே பேப்பர்ல போட்டாங்க? ஆனா ஈரல் கெட்டுப்போயி செத்தாங்கன்னு பேசிக்கிறாங்கலா. பாவம், தனியா இருந்த பொம்பள. தண்ணி கிண்ணி…"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தாதி ஓடிவந்து தோளைப் பிடித்தார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"குடி இல்லக்கா! பொறக்கும்போதே இரத்தத்துல வந்த நோய். தலசீமியா. அதுதான் ஈரல்ல இரும்பச் சேத்துச்சு, எலும்ப அரிச்சுச்சு, கடைசியில ஈரல்ல கேன்சராச்சு. அவ ஒரு சொட்டு தொட்டதில்ல!"

வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை நீ முதலில் கேட்டது உன் அப்பாவைப் பற்றி. சுங்காய்க்கு அருகே நம் ரப்பர் எஸ்டேட்டில், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உன் அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி, கால் குச்சியாகி, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. பால் வாளியைத் தூக்கும்போது ஒருமுறை கை எலும்பே முறிந்தது. எஸ்டேட் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போன நீ, திரும்பி வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கள்ள விட்டுத் தொலையா" என்றாராம் அங்கே மருந்து கொடுக்கும் டிரசர். "நான் தொட்டதே இல்லீங்க" என்றாராம் அப்பா. டிரசர் சிரித்தாராம்.

சோதனை இல்லை, மருந்து இல்லை. அந்தச் சிரிப்போடு அனுப்பிவிட்டார்கள். அப்பாவைப் புதைத்த அன்றும் ஆண்கள் ஓரமாக நின்று அதையேதான் பேசினார்கள். நீ அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய்.

மருத்துவம் படிக்கப் போன இடத்தில், வகுப்பில் ஒருவர் இரத்தத்தை ஒருவர் சோதித்துப் பார்த்தபோதுதான் உன் நோய் உனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு இருந்ததும் அதுவே என்று அன்றே உனக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் நீ சைக்கிளிலிருந்து லேசாகச் சாய்ந்ததற்கே கை ஒடிந்தது ஏன் என்றும் புரிந்தது. விடுமுறைக்கு வந்ததும் என்னிடம், "எங்கப்பா பொய் சொல்லலடி" என்றாய். உனக்கு நோய் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாய்.

உன்னைப் பெண் பார்க்க வந்தது ஒரே ஒரு குடும்பம். வடை தட்டு நடுவில் இருக்க, நீயே ஆரம்பித்தாய். "எனக்கு இரத்தத்துல ஒரு நோய் இருக்கு. மாப்பிள்ளையும் இரத்தம் சோதிச்சுப் பாத்தா நல்லது." மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் கார் கிளம்பியதும் உன் அண்ணன் அழுதார். "யாரு உன்னைக் கேட்டா? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" அன்றைக்கு அவர் மனதில் விழுந்த பயம் பிறகு போகவே இல்லை.

நீ ஆராய்ச்சிக்குப் போனாய். இரத்தம், எலும்பு, ஈரல். வேறு வேறு நோய்களாகத் தெரியும் இவை ஒரே நோயாளியின் உடம்பில் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்று கட்டுரை கட்டுரையாக எழுதினாய். நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஆதலால் உன் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை எனக்கு. ஒரு கட்டுரையின் முடிவில், ஈரல் கெட்ட தொழிலாளியைப் பார்த்ததும் குடிகாரன் என்று முடிவு கட்டும் மருத்துவர் சோம்பேறி என்று எழுதியிருந்தாய்.

"சோம்பேறின்னு போடாதடி. பத்திரிகைல எடுக்க மாட்டாங்க."

"மரியாதையா எழுதினா அவனுங்களுக்கு உறைக்காதுலா."

கடைசியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத்தான் அச்சிட்டார்கள். ஒரு வாரம் நீ யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பிறகு உன் ஈரலிலேயே கட்டி வந்தது. ஸ்கேன் படத்தை நீயே எனக்கு விளக்கினாய், வேறு யாருடையதையோ காட்டுவது போல. கடைசி வாரங்களில் உன் கண் மஞ்சளானபோது கண்ணாடியில் பார்த்து, "அப்பா மாதிரியே இருக்கேன்" என்றாய். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ போன மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் உன் படம். கீழே, மாரடைப்பால் காலமானார் என்று. உருமி அடித்துக்கொண்டிருந்த வாசலிலேயே உன் அண்ணனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

"என்னண்ணே இது? அவ வாழ்க்கை பூரா எதச் சொன்னாளோ, அதையே மறைச்சிட்டீங்களே?"

"உனக்குப் புரியாதும்மா. தர்ஷினிக்கு இப்பதான் இடம் அமைஞ்சிருக்கு. ஈரல்னு போட்டா குடின்னுவாங்க. இரத்தம்னு போட்டா குடும்பத்துல நோய்னுவாங்க. ஹார்ட் அட்டாக்னா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்கலா."

தர்ஷினி அவருடைய மகள். உன் அப்பாவின் நோய்க்கூறு உன் அண்ணனிடமும் கட்டாயம் இருக்கும், அவரிடமிருந்து அவளுக்கும் வந்திருக்கலாம் என்று நீ அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாய். பள்ளியில் எல்லாருக்கும் அந்த இரத்தப் பரிசோதனை வைத்தபோதும் அவளுக்கு எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. மணமகனுக்கும் அது இருந்துவிட்டால், பிறக்கும் பிள்ளை காலம் முழுக்க இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டி வரலாம். அது தெரிந்தும் மறைத்தார்.

காரியம் முடிந்ததும் தர்ஷினியை அவள் வேலை செய்யும் வங்கிக்கு எதிரே இருக்கும் கடைக்கு வரச்சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் இருந்த ரொட்டி ஆறிப்போனது.

"அப்பாவுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியும்."

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அத்தைக்கு ரொம்ப வலிச்சுச்சா?" என்று கேட்டாள். அதுவரை உன் வலியைப் பற்றிக் கேட்ட ஆள் உன் வீட்டில் அவள் ஒருத்திதான்.

சோதித்துப் பார்த்தாள். அவளிடம் அந்தக் கூறு இருந்தது. அவளுக்கு நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தக்கூடும். மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். தைப்பிங் ஊர்ப் பையன். "அவ்வளவுதானே, நானும் எடுக்கிறேன்" என்றானாம். அவனுக்கு இல்லை. அவன் அம்மாவோ, "எங்க வீட்ல எல்லாருக்கும் இனிப்புநீரு. அத நாங்க சொன்னோமாம்மா?" என்று தங்கள் சர்க்கரை நோயைச் சொல்லிச் சிரித்தாராம்.

தர்ஷினி இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா உன் சாவையே திருத்தி எழுதினார்கள்? கல்யாணத்துக்கு உன் அண்ணன் என்னை அழைக்கவில்லை. தர்ஷினியே வந்து அழைத்தாள். மண்டபத்தில் அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். நானும் அவரைத் தாண்டிப் பார்த்தேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஊருக்கெல்லாம் உண்மையை எழுதினாய், ஆங்கிலத்தில். உன் அண்ணனுக்கும் நம் எஸ்டேட் ஆட்களுக்கும் அதில் ஒரு வரி புரியாது. "தமிழ்ல எழுதேன்டி" என்றால், "ரிட்டயர் ஆனதும் எழுதுறேன்லா" என்றாய். உனக்கு எங்கே ரிட்டயர்மெண்ட்?

இப்போது அதை நான் செய்கிறேன். தப்பும் தவறுமாக. எது எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்று நம் பேச்சில் எழுதி, தர்ஷினியிடம் வாசித்துக் காட்டுகிறேன். புரியாத இடத்தில் அவள் நிறுத்துவாள். திரும்ப எழுதுவேன். அச்சுக்குப் போகாத அந்தச் சோம்பேறியையும் சேர்த்திருக்கிறேன். இந்தமுறை எடுக்கச் சொல்ல யாரும் இல்லை.

உன் ஆன்மா சாந்தியடையட்டும் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். நான் எழுத மாட்டேன். உன்னைப் பற்றிச் சொன்ன பொய் இந்த ஊரில் இன்னும் நடமாடுகிறது. அது நிற்கும்வரை நீ சாந்தியடைய வேண்டாம். கோபமாகவே இருடி. நானும் இருக்கிறேன்.